சராசரி மழை

ஊசிப்பாளையத்துத் தடுப்பணையின் சாவி தெய்வாத்தாள் வீட்டு அட்டாலிப் பரணில்தான் இருக்கும். சாவி என்று ஊரில் சொல்கிறார்களே ஒழிய, அது பூட்டுக்குப் போடுகிற சாவி அல்ல. முழநீளத்துக்கு வளைந்த இரும்புக் கைப்பிடி. ஒரு முனையில் சதுரமாக ஒரு துளை. அணைப் பலகைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் திருகில் அதை மாட்டிச் சுற்றினால் பலகை ஏறும், பள்ளத்தில் தண்ணீர் போகும். திருப்பிச் சுற்றினால் பலகை இறங்கும், தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

"இவ்வளவு முக்கியமான சாமான் சங்கத் தலைவர் வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்?" என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டுவிட்டால் ஊசிப்பாளையத்துக்காரர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"அவரு ஊடு மேட்டுல இருக்குதுங்க. கரை ஒடஞ்சாலும் அவரு போர்வைய இழுத்துப் போத்திட்டுத் தூங்குவாரு. அவருகிட்டக் குடுத்து என்ன பண்றது?"

ஊசிப்பாளையம் பள்ளக் காப்புச் சங்கத்துக்கு எழுதிவைத்த சட்டம் ஏதும் கிடையாது. முறை ஒன்று உண்டு. வெள்ளம் வந்தால் யார் வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஏறுமோ, அவர் கையில் சாவி. மேட்டுத் தோட்டத்துக்காரர்களிடம் கொடுத்தால் கிணறு ஊறட்டும், ஊறட்டும் என்று பலகையைத் தூக்கவே மாட்டார்கள். தண்ணீர் ஏறுகிற வீட்டுக்காரருக்கோ மேற்கே மலை கருத்தாலே சோறு இறங்காது. குடையை எடுத்துக்கொண்டு அணைக்கு ஓடிவிடுவார். அவருக்கும் கிணறு உண்டு, எனவே தண்ணீரை வீணாக விடவும் மாட்டார்.

தெய்வாத்தாளும் அவள் கணவன் தனபாலும் அணைக்குக் கீழே கரையை ஒட்டிய லைன் வீட்டு வரிசையில் முதல் வீட்டைக் கட்டிக் குடிவந்த அன்றைக்கே, சங்கத் தலைவர் நஞ்சுண்டன் வெற்றிலை பாக்கு வைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

"இந்தா அம்மணி. இனி இந்த லைன் ஊடு முச்சூடும் உன் பொறுப்பு."

தெய்வாத்தாளுக்கு அதில் பெருமைதான். தனபால் கணபதியில் லேத்துப் பட்டறைக்குப் போகிறவன். பொழுதோட வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டான். சாவி அவளுடையதாகவே ஆகிவிட்டது. அதைப் புளி போட்டுத் தேய்ப்பாள், எண்ணெய் போடுவாள், வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பாள்.

இந்த நிலைமையில்தான் தொண்ணூற்றைந்தாம் வருசம் ஆணையம் வந்தது.

ஊருக்கு ஊர் ஒரு சங்கம் என்று சிதறிக் கிடப்பது நாட்டுக்கு நல்லதில்லை என்று எங்கேயோ யாருக்கோ தோன்றிவிட்டது. மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து வால்பாறை எஸ்டேட் வரைக்கும் உள்ள பள்ளம், ஓடை, குட்டை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி 'மேற்கு மண்டல நீர்ப்பிடிப்பு ஒருங்கிணைப்பு ஆணையம்' என்று பேர் வைத்தார்கள். தலைமையகம் கோயமுத்தூரில். மண்டல அலுவலகம் ஊசிப்பாளையத்துக்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்கும் நடுவில்.

அந்த அலுவலகத்துக்கு இடம் பார்க்க வந்தவர் மண்டல இயக்குநர் பாலகோபால். ஐம்பது வயசு, மடிப்புக் கலையாத சட்டை. மண்ணில் கால் வைக்கும்போதெல்லாம் மண்ணிடம் அனுமதி கேட்பவர்போல ஒரு கணம் நின்று வைப்பார். இடத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரே பூரிப்பு.

"இவ்வளவு சமமான நிலம்! ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை, ஒரு வழக்கு இல்லை. இத்தனை நாளாக யார் கண்ணிலும் படவில்லையா?"

நஞ்சுண்டன் மெல்லச் சொன்னார். "ஏனுங்க சார், அது குட்டைங்க. நம்ம பள்ளத்துத் தண்ணி வந்து நிக்கற எடமுங்க."

"குட்டையா? தண்ணீர் எங்கே?"

"மழை பேஞ்சா வருமுங்க."

"அப்படியானால் இப்போது குட்டை இல்லை. பெய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்."

கட்டடம் எழும்பியது. வாசலில் பெரிய பலகை. 'துளிகள் சேர்ந்தால்தான் ஆணையம்.'

திறப்பு விழா அன்று எல்லாச் சங்கத்துக்காரர்களும் தங்கள் தங்கள் சாவியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. தெய்வாத்தாள் சாவியைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசி, பட்டுத் துணியில் சுற்றி, பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவள்போல மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாலகோபால் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! இத்தனை காலமும் உங்கள் தண்ணீரை நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். எவ்வளவு சிரமம்! வானத்தைப் பார்க்க வேண்டும். பள்ளத்தைப் பார்க்க வேண்டும். மழையில் நனைய வேண்டும். இனி அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. எங்களுக்கும் இல்லை. ஆணையத்துக்குத்தான் உண்டு!"

கைதட்டல்.

"சிறிய சங்கங்களிடம் என்ன இருந்தது? சாவி இருந்தது. தண்ணீர் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருங்கிணைப்பு இருந்ததா? ஊசிப்பாளையத்துத் தண்ணீர் ஊசிப்பாளையத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு குறுகிய மனப்பான்மை!"

ஊசிப்பாளையத்துக்காரர்கள் தலைகுனிந்தார்கள்.

சாவிகளையெல்லாம் வாங்கிக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக மாட்டி, உள்ளே ஒரு டியூப்லைட்டும் போட்டுப் பூட்டினார்கள். தெய்வாத்தாள் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"ஏனுங்க சார், மழை வந்தா?"

"விண்ணப்பிக்கலாம் அம்மா."

"அதுக்குள்ள கரை போயிட்டா?"

"அதற்குத் தனி விண்ணப்பம்."

*

ஆடி மாதம். ஊசிப்பாளையத்தில் காற்றுதான் ஆளைத் தூக்கியதே தவிர மழை ஒரு சொட்டில்லை. வைகாசியில் பெய்த கோடை மழைத் தண்ணீர் அணையில் அரைவாசி நின்றது. அதை நம்பித்தான் நஞ்சுண்டனின் வாழை நின்றது.

ஒருநாள் நல்ல உச்சி வெயிலில் ஆணையத்து ஜீப்பு வந்து நின்றது. டிரைவரும் பியூனும் வாட்ச்மேனும் எல்லாமுமான பிரான்சிஸ் இறங்கினார். தலைமுதல் கால்வரை மழைக்கோட்டு. முழங்கால்வரை ரப்பர் பூட்சு. கையில் சாவி.

தெய்வாத்தாள் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்ணா, மேலுக்கு முடியலீங்களா? இந்த வெயில்ல கோட்டைப் போட்டுட்டு?"

"கனமழைங்க அம்மணி. மண்டலத்துல வெள்ள அபாயம். பலகையத் தூக்கச் சொல்லி உத்தரவு."

"எங்கீங்ணா மழை?"

"வால்பாறையில. கொட்டோ கொட்டுன்னு கொட்டுதாம். பஸ்ஸெல்லாம் மலையேறாம நிக்குதாம்."

"அங்க கொட்டுனா இங்க எதுக்குத் தொறக்கறீங்க?"

பிரான்சிஸ் நெற்றி வேர்வையை வழித்து உதறினார். "சராசரின்னு ஒண்ணு இருக்குதுங்க அம்மணி. வால்பாறையில பேஞ்சதையும் இங்க பெய்யாததையும் கூட்டி வகுத்தாங்கன்னா, இங்க நீங்களும் நானும் இப்ப முழங்கால் தண்ணியில நிக்கறோம். எனக்கும் மொதல்ல புரியல. சாரு போர்டுல எழுதிக் காட்டுனாரு. கணக்கு சரியாத்தான் இருக்குது. வெயிலுதான் தப்பா அடிக்குது."

"சரி, அந்தக் கோட்டையாச்சும் கழட்டுங்க."

"போட்டோ புடிக்கோணுமுங்க. கொஞ்சம் இந்தக் குடையப் புடிச்சுக்கறீங்களா?"

தெய்வாத்தாள் வெயிலில் அவருக்கு மழைக்குடை பிடித்தாள். பலகை ஏறியது. நஞ்சுண்டனின் வாழைக்குத் தேக்கிவைத்த தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, மணலில் ஊறி, அலுவலகத்துக் குட்டையை எட்டும் முன்பே காணாமல்போனது.

நஞ்சுண்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பாலகோபாலிடம் போய் நின்றார்.

"ஏனுங்க சார், வால்பாறைக்கும் எங்களுக்கும் என்னங்க சம்பந்தம்? அது ஆனமலைக்கு மேல. அந்தத் தண்ணி இந்தப் பக்கமே எட்டிப் பாக்காதுங்க."

"இப்படித்தான் தனித்தனியாகப் பேசிப் பழகிவிட்டீர்கள். அங்கே நனைகிறவனும் உங்கள் மண்டலத்துக்காரன்தானே? அவனோடு சேர்ந்து நனைய உங்களுக்கு மனம் இல்லையா?"

"என் வாழை காயுதுங்க சார்."

"வால்பாறையில் தேயிலை தளதளவென்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மண்டலம் செழிப்பாகத்தான் இருக்கிறது."

நஞ்சுண்டன் திரும்பி வந்து, அந்த வருச வாழையை மாட்டுக்கு வெட்டிப்போட்டார்.

*

தெய்வாத்தாளுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. ஐப்பசி வந்தால் இங்கே பிய்த்துக்கொண்டு பெய்யும். அப்போது வால்பாறையில் பெய்யாவிட்டால்?

"ஏனுங்க, நீங்க லேத்துலதான வேலை செய்யறீங்க? அதேமாரி ஒரு சாவி கடைஞ்சு கொண்டாந்தா என்ன?"

"அளவு?"

"கண்ணாடிப் பெட்டியில இருக்குது. தொட உடமாட்டாங்க."

"தொடவே வேண்டாம்மணி. கண்ணுலயே நிக்குது எனக்கு" என்றான் தனபால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் உட்கார்ந்து கடைந்து, பஃபு போட்டு, வெள்ளி மாதிரி மின்னுகிற ஒரு சாவியைக் கொண்டுவந்தான். பழையதுக்குப் பேரனைப் போல இருந்தது. இரண்டுபேருமாக அணைக்குப் போய்த் திருகில் மாட்டினார்கள். தனபால் சுற்றினான். சொகுசாகச் சுற்றியது. சத்தமே இல்லை. பலகை அசையவும் இல்லை.

"கண்ணுல நிக்குதுன்னீங்க?"

"தொளை கொஞ்சூண்டு பெருசாப்போச்சு, கெரகம். உள்ள ஒரு தகடு வெச்சுப் பத்தவெச்சாச் சரியாப்போயிரும்."

"நல்லாச் சுத்துதுங்க. பட்டறைக்கு மேல காத்தாடியாட்டம் மாட்டிக்கோங்க."

பற்றவைப்பதற்குள் விசயம் ஆணையத்துக்கு எட்டிவிட்டது. பிரான்சிஸ் வந்தார். முகத்தில் சங்கடம்.

"தப்பா நெனைக்காதீங்க அம்மணி. கள்ளச்சாவின்னு சொல்லி எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. அடுத்த தடவை சாவியில கை வெச்சா திருட்டுக் கேசு போடுவாங்களாம்."

சுதந்திர தினத்தன்று அலுவலகத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பாலகோபால் பேசினார்.

"இந்த மண்டலத்தின் சாதனை ஒன்றைச் சொல்கிறேன். ஊசிப்பாளையம் சங்கமாக இருந்தபோது அதனிடம் ஒரே ஒரு சாவிதான் இருந்தது. எத்தனை வருடம் முயன்றும் அவர்களால் அதை இரண்டாக்க முடியவில்லை. ஒருங்கிணைத்த ஆறே மாதத்தில் ஆணையம் அதை இரட்டிப்பாக்கியிருக்கிறது!"

கண்ணாடிப் பெட்டியில் பழைய சாவிக்குப் பக்கத்தில் தனபாலின் சாவி டியூப்லைட்டு வெளிச்சத்தில் பளபளத்தது. கூட்டத்தில் நின்ற தனபால் தானும் கைதட்டினான்.

"நீங்க எதுக்குங்க தட்டறீங்க?"

"நம்ம வேலைப்பாடு அம்மணி. எத்தனை பேரு பாக்கறாங்க!"

சிறந்த ஒருங்கிணைப்புக்காகத் தலைமையகம் மண்டல அலுவலகத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தது. நல்ல கனமான பித்தளை.

*

ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு வாங்கிய துணியைக் காயப்போட இடமில்லாமல் மழை பிடித்துக்கொண்டது. மேற்கே மலை முழுக்கக் கருத்துக் கிடந்தது. பள்ளம் செம்மண் கரைத்து ஓடிவந்தது. விடியால அரையளவு இருந்த அணை, சோத்து நேரத்துக்கு முழுசாக நிறைந்துவிட்டது. பலகை இறங்கியபடியே கிடந்தது. பலகைக்கும் மேலே தண்ணீர் வழிய ஆரம்பித்தது.

தெய்வாத்தாள் கரையில் காலை வைத்துப் பார்த்தாள். மண் பிசைந்த மாவுபோல நெகிழ்ந்தது. கரைக்கு அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். முதல் வீடு அவளுடையது.

"நஞ்சுண்டண்ணா! எல்லாத்தையும் எழுப்பி மேட்டுக்குப் போகச் சொல்லுங்க. நான் போயிச் சாவிய வாங்கிட்டு வாரேன்."

குடை காற்றில் திரும்பிக்கொண்டது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பள்ளத்து ஓரமாகவே ஓடினாள்.

அலுவலகத்தில் பாலகோபால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், சாவியக் குடுங்க சார். அணை வழியுதுங்க. பலகையத் தூக்கோணும்."

"உட்காருங்கள் அம்மா. நானே காலையில் விசாரித்துவிட்டேன். வால்பாறையில் நல்ல வெயில்."

"இங்க பேயுதுங்களே!"

"அது உள்ளூர் மழை. மண்டல மழை அல்ல. சராசரி இயல்பாக இருக்கிறது. இயல்பான நாளில் பலகையைத் திறந்தால் நாளைக்கு என்னைத்தான் கேட்பார்கள்."

"சார், கரை மாவாட்டம் ஆயிருச்சுங்க. போச்சுன்னா எங்க லைன் ஊடு ஒண்ணு மிஞ்சாதுங்க. கொழந்தகுட்டிக இருக்குதுங்க."

"உங்கள் உணர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆணையத்துக்குப் புரிய வேண்டுமல்லவா?"

அந்தச் சமயத்தில் வாசல்படியைத் தாண்டி, எந்த அனுமதியும் கேட்காமல், செம்மண் தண்ணீர் கூடத்துக்குள் நுழைந்தது. மேசைக்கடியில் போய்ப் பாலகோபாலின் செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனது.

பாலகோபால் காலை மேலே இழுத்துக்கொண்டார். "என்ன தண்ணீர் இது?"

"நம்ம பள்ளத்துத் தண்ணிதானுங்க சார்."

"இங்கே எதற்கு வருகிறது?"

"அது எப்பவும் இங்கதானுங்க வரும். குட்டைங்களே இது."

"பிரான்சிஸ்! பலகையை மூடச் சொல்!"

பிரான்சிஸ் பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு நின்றார். "மூடித்தான் சார் கெடக்குது. மூடிக் கெடக்கறதாலதான் மேல வழியுது."

"கரை உடைந்தால்?"

"வழியறதுதான் சார் இப்ப வந்திருக்குது. ஒடஞ்சா மொத்தமும் ஒட்டுக்கா வரும்."

பாலகோபால் நாற்காலியில் ஏறினார். அங்கிருந்து மேசைமேல் ஏறினார். குரல் இறங்கிவிட்டது. "ஏம்மா, இந்தக் குட்டை நிறைந்தால் எவ்வளவு ஆழம் இருக்கும்?"

தெய்வாத்தாள் யோசித்தாள். "அளவு தெரியாதுங்க சார். எருமை எறங்குனா கொம்பு மட்டும் தெரியுமுங்க."

பாலகோபால் மேசைமேல் நின்றபடியே தம்முடைய உயரத்தைக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தண்ணீரில் குதித்தார்.

"பெட்டியைத் திற!"

"பெட்டிச் சாவி தலைமையகத்துல சார். உத்தரவோடதான் அது வரும்."

பாலகோபால் சுற்றுமுற்றும் பார்த்தார். சிறந்த ஒருங்கிணைப்புக்கான கேடயம் சுவரில் தொங்கியது. அதைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கி, கண்ணாடியில் ஓங்கி ஒன்று வைத்தார். ஆணையத்தில் அது அவர் கையாலேயே செய்த முதல் வேலை. பழைய சாவியை உருவித் தெய்வாத்தாளிடம் நீட்டினார்.

"இந்தா, எடுத்துக்கொண்டு ஓடு!"

தெய்வாத்தாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடமாட்டேனுங்க. தொட்டாத் திருட்டுக் கேசுன்னீங்க."

"ஐயோ, நான்தானே கொடுக்கிறேன்!"

"முறையும் இல்லீங்க சார். மொதல்ல யாரு ஊட்டுக்குள்ள தண்ணி ஏறுதோ அவங்க கையிலதான் சாவி இருக்கோணும். எங்க ஊட்டுக்குள்ள இன்னும் ஏறுலீங்க. உங்க ஊட்டுக்குள்ள ஏறிருச்சு." அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, வாங்க, போயிட்டே பேசலாம். நிக்கறதுக்கு நேரமில்லீங்க."

ஜீப்பு தண்ணீரில் நின்று இருமியது, கிளம்பவில்லை. மண்டல இயக்குநர் ஒற்றைச் செருப்போடு கொஞ்சதூரம் நடந்து, அதையும் விட்டுவிட்டு, சாவியை மார்போடு அணைத்துக்கொண்டு வரப்பில் ஓடினார். முன்னால் தெய்வாத்தாள், பின்னால் பிரான்சிஸ்.

அணைமேல் ஊரே சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றது. மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த நஞ்சுண்டன் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க சார். உள்ளூர் மழைக்கு வந்திருக்கறீங்க!"

பாலகோபால் சாவியை மாட்டினார். "எவ்வளவு... எவ்வளவு சுற்ற வேண்டும்?"

"அதை நாங்க எப்படிங்க சொல்றது? கரையும் நிக்கோணும், உங்க ஆபீசும் மூழ்கக் கூடாது. பாத்துச் சுத்துங்க."

பார்த்துச் சுற்றினார். ஒரு சுற்றுச் சுற்றிக் கரையைப் பார்ப்பார். எட்டித் தூரத்தில் தெரிகிற ஆபீசுக் கூரையைப் பார்ப்பார். இன்னும் அரைச் சுற்று. மறுபடியும் கரை. மழை கண்ணில் அடித்தது, துடைக்கவில்லை. தெய்வாத்தாள் கொண்டுவந்த காப்பியைக் குடிக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. வாயருகே பிடித்து அவள்தான் குடிக்கவைத்தாள். அணையில் தண்ணீர் விரல் விரலாக இறங்கியது. சாயங்காலம் மழை விட்டபோது கரை நின்றது. லைன் வீடுகள் நின்றன. அலுவலகத்தில் முழங்காலோடு தண்ணீர் நின்றது.

மறுநாள் உடனே போனில் பேசச் சொல்லித் தலைமையகத்திலிருந்து ஆள் வந்தது. அலுவலகப் போன் ஊறிப்போயிருந்ததால், பாலகோபால் பெரியநாயக்கன்பாளையம் பஸ்டாண்டு பூத்துக்குப் போய்ப் பேசவேண்டியதாயிற்று. கூட வந்த பிரான்சிஸ்தான் பிறகு ஊரில் சொன்னார்.

"அந்தப் பக்கம், சராசரி இயல்பா இருக்கறப்ப எதுக்குத் தொறந்தேன்னு கேட்டாங்களாட்ட இருக்குதுங்க. நம்ம சாரு, 'சராசரி எனக்குத் தெரியாதுங்க, எஞ்செருப்பு மெதந்துச்சுங்க'ன்னு சொல்லிப்போட்டு வெச்சுட்டாரு."

தலைமையகம் கூடி ஆலோசித்துத் தீர்வு கண்டது. மண்டல அலுவலகத்தை இனி எந்த வெள்ளமும் எட்டாத இடத்துக்கு, கோயமுத்தூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு, மாற்றிவிடுவது.

சாமான் ஏற்ற லாரி வந்த அன்று பாலகோபால் தெய்வாத்தாள் வீட்டுக்கு நடந்தே வந்தார். ரப்பர்ச் செருப்பு போட்டிருந்தார். கையில் பழைய சாவி.

"நான் மூணாம் மாடிக்குப் போறேன் அம்மணி. இனிமே மொதல்ல ஏறுறது உங்க வீட்டிலதான்."

தெய்வாத்தாள் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். அதைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க சார், மேலிருந்து கேட்டா?"

"சாவி ஒன்று வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். இன்னொன்றுதான் இருக்கிறதே."

"ஐயோ, அது எங்க ஊட்டுக்காரரு செஞ்சதுங்க. சும்மா சுத்துமே ஒழியப் பலகையத் தூக்காதுங்க!"

பாலகோபால் அணைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நல்லாச் சுத்துமல்ல?"

"சுத்துமுங்க. சத்தமே இருக்காதுங்க."

"ஆணையத்துக்கு அது போதும்" என்றார்.

அடுத்த ஆடியில் வால்பாறையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊசிப்பாளையத்தில் நல்ல வெயில். ஜீப்பு வந்தது. பிரான்சிஸ் மழைக்கோட்டோடு இறங்கி, பளபளக்கிற சாவியைத் திருகில் மாட்டி, வேர்க்க விறுவிறுக்கச் சுற்றினார். தெய்வாத்தாள் வந்து குடை பிடித்தாள். போட்டோ எடுத்தார்கள்.

"போதுமுங்களா அம்மணி?"

"இன்னும் ரெண்டு சுத்துச் சுத்துங்ணா. வெள்ளம் பெருசு."

நஞ்சுண்டனின் வாழைக்குத் தண்ணீர் அசையாமல் நின்றது.